தண்ணீர் ஏறாத கிளட்ச்

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். கொட்டகையும் அதற்குள் நிற்கும் காடுமேடெல்லாம் ஓடுகிற மூன்று ஏ.டி.வி. வண்டிகளும் அவருடையவை.

கண்ணாடி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பம்பு அறைகளில் மீட்டர் பார்த்து எழுதிவருகிறவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர்.

வெல்டர். பக்கத்துக் கொட்டகைக்காரர். பாதி நேரம் எங்கள் கொட்டகையில்தான் இருப்பார்.

என் அக்கா. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

நான். மெக்கானிக்.

டீயில் சர்க்கரை குறைவு. நாங்கள் பேசாமல் குடித்தோம். அத்தான் மட்டும் அதைச் சொன்னார். எதையும் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

பட்டியல் உங்களுக்கு எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அவர் எனக்குக் கொடுத்த உத்தரவை இத்தனை பேர் கேட்டார்கள் என்பது நல்லதுதான். அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன். அதில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

அக்கரையில் ஆறு பம்பு அறைகள். தினமும் காலையில் அளவு எடுத்துவர வேண்டும் என்பது அத்தானின் ஒப்பந்தம். மேம்பாலம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரச் சுற்று. தரைப்பாலத்தில் இறங்கினால் பத்து நிமிடம். தரைப்பாலத்தின் மேல் எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். மேற்கே மழை பெய்தால் முழங்கால், இடுப்பு என்று ஏறும். கைப்பிடிச் சுவர் கிடையாது. அத்தான் தரைப்பாலத்தில்தான் போவார். சுற்றிப் போவது அவருக்குத் தோற்றுப்போவது மாதிரி.

ஏ.டி.வி.யை நாங்கள் நாற்காலி என்போம். நான்கு சக்கரம் என்பதால் மட்டுமில்லை. அத்தான் அதில் ஏறினால் பதவி ஏற்றுக்கொண்டவர் போல முதுகு நிமிர்ந்துவிடும். வெல்டர் வைத்த பெயர். அத்தான் காதில் விழாமல் சொல்லிக்கொள்வோம்.

இந்த வண்டியில் கியர் மாற்றும் வேலை கிடையாது. ஸ்கூட்டரில் இருப்பது போல ஒரு ரப்பர் பெல்ட். முன்னால் ஒரு ஜோடித் தட்டு, பின்னால் ஒரு ஜோடித் தட்டு. என்ஜின் வேகம் பிடித்தால் முன் தட்டுக்குள் இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் தள்ளும், தட்டுகள் நெருங்கும், பெல்ட்டைக் கவ்வும். அதுதான் கிளட்ச். எடை எத்தனை கிராம், ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பதை வைத்து, வண்டி எப்போது இழுக்க ஆரம்பிக்கும் என்று முடிவு செய்யலாம். நன்றாகச் செய்தால் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் நகரும். மோசமாகச் செய்தால் எருமை மாதிரி யோசித்துவிட்டு நகரும்.

பெல்ட் நனைந்தால் எல்லாம் போச்சு. வழுக்கும். என்ஜின் அலறும், சக்கரம் நகராது. பெல்ட் இருக்கும் பெட்டியை இறுக்கி மூடிவிடவும் முடியாது, சூட்டில் பெல்ட் வெந்துவிடும். அதற்குக் காற்று உள்ளே போகவும் வெளியே வரவும் வழி வேண்டும். காற்று வர வேண்டும், தண்ணீர் வரக் கூடாது. வேலை அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன வேலை.

ஒன்பது முறை அத்தான் ஓட்டும் வண்டி என்னிடம் திரும்பி வந்தது.

முதல் முறை மூடியின் ரப்பர் பாக்கிங்கை மாற்றினேன். நான்கு நாள் கழித்து நடு ஆற்றில் நின்றது. சிலிக்கான் பசை வைத்து ஒட்டினேன். நின்றது. காற்றுக் குழாய்களை நீட்டி ஹேண்டில்பார் உயரத்துக்குக் கொண்டுபோனேன். வெல்டர் அவற்றுக்குத் தாங்கி செய்து கொடுத்தார். நின்றது. பின்பக்கத் தண்டின் ஆயில் சீலை மாற்றினேன். மறுபடி பாக்கிங். நின்றது, நின்றது. ஒவ்வொரு முறையும் அத்தானும் கண்ணாடியும் தொடையளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இக்கரைக்குத் திரும்பி வருவார்கள். அத்தான் ஈரக் கால்சட்டையோடு என் முன்னால் வந்து நிற்பார். பெஞ்சைச் சுற்றி ஒரு குட்டை தேங்கும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். பிறகு பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. அங்கேயும் ஒரு நாள் பாதி ஷிப்டில் மெஷினை அணைத்துவிட்டு நடந்து வந்தேன், திரும்பப் போகவில்லை. அக்கா கேட்டுக்கொண்டதால் அத்தான் என்னைக் கொட்டகையில் சேர்த்துக்கொண்டார். அரைகுறை என்று பெயர் வைத்ததும் அவர்தான். முதலில் வீட்டில் மட்டும் சொன்னார். பிறகு கண்ணாடி முன்னால். அப்புறம் உதிரிபாகக் கடையில், "நம்ம அரைகுறை வருவான், குடுத்தனுப்புங்க" என்று போனில் சொல்லிவைப்பார். கடைக்காரர் அதையே பொட்டலத்தின் மேல் எழுதி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. வேலை சரியாக வராததுதான் எரிச்சல். ஒரு மனிதன் எத்தனை முறைதான் அதே பத்து போல்ட்டைக் கழற்றுவான்.

ஒன்பதாவது முறை நான் பெட்டியைத் திறக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது. பெட்டியின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு துளை இருக்கும், அதற்கு ஒரு ரப்பர் மூடி. அத்தான் தினமும் சாயங்காலம் வண்டியைக் கழுவிவிட்டு அந்த மூடியை எடுத்து வடிப்பார், பிறகு கட்டை விரலால் அழுத்திவிட்டுப் போவார். அரைவாசிதான் உள்ளே போயிருக்கும். உள்ளே தட்டு காற்றாடி மாதிரி சுழலும்போது அந்த இடைவெளி வழியே ஆற்றையே உறிஞ்சிவிடும். ஐந்து மாதமாக நான் எங்கெங்கோ அடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை அவர் கட்டை விரலில் இருந்தது.

அன்று காலைதான் நீங்கள் கேட்கிற காலை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் முன்னால் சொன்னேன். அத்தான் சிரித்தார். கண்ணாடியைப் பார்த்து, "வேல பாக்கத் தெரியாதவன் வெரல் மேல பழி போடறான் பாரு," என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இங்க பாரு அரைகுறை. கதையெல்லாம் வேணாம். எவ்ளோ தண்ணி இருந்தாலும் வண்டி நிக்கக் கூடாது. எங்கயும் நிக்கக் கூடாது. முடியும்னா சொல்லு, முடியாதுன்னா பாட்டில் கழுவப் போ."

முடியும் என்றேன். அக்கா ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு, "ஒரு நாளாவது இந்த மனுஷன் வாய மூடிட்டு இருந்தா தேவல," என்று என் காதோரமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவளுக்காகவும்தான் செய்தேன்.

பன்னிரண்டு நாள் வேலை. ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, மரை வெட்டி, வாஷரோடு போல்ட் போட்டேன். இனி கட்டை விரலுக்கு வேலை இல்லை. பெட்டியின் இரண்டு காற்றுக் குழாய்களையும், என்ஜினுக்குக் காற்று போகும் குழாயையும், சைலன்சர் வாயையும் ஓட்டுகிறவரின் தோள் உயரத்துக்கு ஏற்றினேன். ஒவ்வொரு இணைப்புக்கும் இரட்டைக் கிளிப். கிளட்ச்சில் எடைகளை மாற்றி மாற்றித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்ந்ததாகப் போட்டேன். தண்ணீருக்குள் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலும் அழுத்தமாக, சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஒரு கிளட்ச்சை இந்த வட்டாரத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வெல்டர் குழாய்களைப் பார்த்துவிட்டு, "இது வண்டியா படகா? ரெண்டு துடுப்பும் அடிச்சுக் குடுத்துரட்டுமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

நான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதனை செய்திருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளம் ஒன்று இருக்கிறது, மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. சரிவில் மெதுவாக இறக்கினேன். சக்கரம் முழுகியது, பிறகு கால் வைக்கும் பலகை. பழைய வண்டியாக இருந்தால் இங்கேயே அலறியிருக்கும். இது போய்க்கொண்டே இருந்தது. சீட்டைத் தண்ணீர் தொட்டபோது ஹேண்டில்பார் திடீரென்று லேசானது. திருப்பினால் வண்டி திரும்பவில்லை. காற்றடைத்த அந்தப் பெரிய டயர்கள் நான்கும் தரையை விட்டு எழும்பிவிட்டன. வண்டி மிதந்தது. தேங்கிய தண்ணீர் என்பதால் நான் சும்மா ஒரு வட்டம் அடித்துக் கரைக்கு வந்தேன்.

இறுகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டைகளைப் பின்பக்கம் கட்டினேன். ஒரு ஆள் எடை இருக்கும். மறுபடி அதே ஆழம். இப்போது டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. மூட்டையோடு மூன்று முறை, மூட்டை இல்லாமல் மூன்று முறை. தனி ஆள் என்றால் மிதக்கும். இரண்டு பேர் என்றால் மிதக்காது.

அப்போது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. ஐந்து மாதமாக அந்த நனைந்த பெல்ட்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. தொடை அளவிலேயே வண்டி அலறி நின்றுவிடும், திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். ஆழத்துக்குப் போக அது விட்டதே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டதெல்லாம் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான்.

வண்டியை ஒப்படைத்தபோது அவர் கேட்டார். "எது வரைக்கும் போலாம்?"

நான் குழாய் வாயைத் தொட்டுக் காட்டினேன். "இது முழுகாத வரைக்கும் வண்டிக்கு ஒரு பயமும் இல்ல அத்தான்."

வண்டிக்கு என்றுதான் சொன்னேன். நான் பொய் சொல்வதில்லை.

ஒரு வாரம் தண்ணீர் குறைவாக இருந்தது. அவர் போய்ப் போய் வந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தாண்டிப் போவார். நானும் ஏதாவது சொல்வார் என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நிற்பேன். ஏழு நாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்பது முறை திட்டு வாங்கியதைவிட அது மோசமாக இருந்தது.

எட்டாவது நாள் மேற்கே இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலை ஏழு மணிக்கு நான் ஆற்றங்கரை வரை நடந்து போய்ப் பார்த்தேன். தரைப்பாலத்தின் ஓரத்தில் அளவுக் கம்பம் இருக்கிறது. சீட் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர் ஓடியது. நல்ல இழுப்பு. திரும்பி வந்து, இரண்டாவது வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி வைத்தேன்.

ஏழரைக்கு அத்தான் வந்தார். கண்ணாடி நோட்டோடு பின்னால் ஏறப் போனார்.

"கண்ணாடி, ஒரு நிமிஷம் இந்தத் தண்டப் புடிங்க, நட்டு கழண்டு வரமாட்டேங்குது," என்றேன். அவர் எதற்கும் இல்லை என்று சொல்லாதவர். நோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அவன் ஒரு நிமிஷம்னா அரை நாள்," என்றார் அத்தான். "விடு, நானே போய் எழுதிட்டு வரேன்." நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வண்டி ஒரு உதறல் இல்லாமல் கிளம்பியது.

கண்ணாடியை அன்று வண்டியில் ஏற விடாதது நான்தான். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவர் ஏறியிருந்தால் அவரும் செத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். அவர் ஏறியிருந்தால் வண்டி மிதந்திருக்காது, இரண்டு பேருமே அக்கரை சேர்ந்திருப்பார்கள். எனக்கு அதுவும் தெரியும். அதனால்தான் கூப்பிட்டேன்.

தண்டை அவர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆற்றுப் பக்கம் காது கொடுத்தேன். என்ஜின் அலறும் சத்தம் வரவில்லை. சீரான சத்தம் கொஞ்ச தூரம் நேராகப் போனது, பிறகு பக்கவாட்டில் விலகிப் போனது. நட்டைக் கழற்றினேன்.

அத்தானை மறுநாள் எடுத்தார்கள். வண்டியை அன்று காலையே கண்டுபிடித்துவிட்டார்கள், இருநூறு அடி தள்ளி ஒரு மரத்தின் மேல் சாய்ந்து நின்றது. ஆள் இல்லாமல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்ததே ஒரு போலீஸ்காரர்தான்.

உங்கள் வண்டிப் பரிசோதகர் வந்தார். பிரேக்கை அழுத்தினார், விளக்கைப் போட்டார், ஹேண்டிலை ஆட்டினார். இயந்திரக் கோளாறு இல்லை, வெள்ளத்தால் நேர்ந்த விபத்து என்று எழுதினார். கிளட்ச் மூடியில் பத்து போல்ட். ஒன்றைக்கூடத் தொடவில்லை. நான் பக்கத்திலேயே ஸ்பேனரோடு நின்றேன். "தொறந்து பாக்கறீங்களா சார்?" என்றுகூடக் கேட்டேன். தேவையில்லை என்றார். அப்புறம்தான் நானே உங்களிடம் வந்து சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். விபத்து என்று எழுதினால் அந்த வேலைக்கு என்ன அர்த்தம்.

இங்கே வருவதற்கு முன்னால் அக்காவைப் பார்க்கப் போனேன். வாசல்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. துக்க வீடு, அதனால்தான் என்று நினைத்தேன். கண் வீங்கியிருந்தது. நின்றபடியே கேட்டாள்.

"வண்டில என்னடா கோளாறு?"

"ஒன்னுமே இல்லக்கா. அவர் போனதுக்கு அப்புறமும் ஓடிட்டேதான் இருந்துச்சு. நேத்து தொறந்து பாத்தேன், பெல்ட்ல தூசி அப்படியே காஞ்சு கெடக்கு. அவ்ளோ தண்ணில போயும் ஒரு சொட்டு ஏறல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்ததாக, துக்கம் கேட்க வந்து தெருவில் நின்றிருந்த வெல்டர் பிறகு சொன்னார். அது எனக்கு நினைவில்லை.

"அப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"ஆறு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்கா."

அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. முதலில் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி திரும்பிப் பூட்டிக்கொண்டது.