மிச்சப் பொட்டணம்

தனபால்: வெள்ளைப் பூவா வந்துச்சு?

மஞ்சுளா: ஏனுங்க, பக்கத்துலதான நின்னீங்க? பூசாரி பொட்டணத்தப் பிரிச்சுக் காட்டுனப்ப கண்ணு எங்க போச்சு?

தனபால்: இல்ல... சும்மா கேட்டேன்.

மதுமதி: கோயில்ல வண்டி ஏறுனதுல இருந்து நாலாவது தடவையா சும்மா கேக்கறீங்கப்பா.

தனபால்: நீ பேசாம உக்காரு அம்மணி. ரெண்டு பொட்டணத்துல ஒண்ண எடுத்து, செவப்பரளி வந்தா நாமக்கல் காலேஜ், வெள்ளரளி வந்தா சேலம் காலேஜ். அப்படித்தான வேண்டிக்கிட்டோம்?

மதுமதி: நீங்கதான் வேண்டுனீங்க. நான் சேலம்னு வாயத் தொறந்து சொன்னேன், காதுலயே வாங்கல. சாமிகிட்டப் பூக் கேக்கலாம்னு நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க?

தனபால்: ரெண்டுமே பொம்பளப் புள்ளைக காலேஜ்தான். நாமக்கல்னா பஸ்ஸு நம்ம எருமப்பட்டிக்கே வருது, பொழுதோட ஊட்டுக்கு வந்தர்லாம். சேலம்னா ஆஸ்டல். அங்க அப்படி என்ன இருக்குது?

மதுமதி: உளவியல் இருக்குது. நாமக்கல்ல இல்ல.

தனபால்: உளவியல் மட்டுந்தானா... இல்ல, வேற ஆராச்சும்...

மதுமதி: அப்பா!

மஞ்சுளா: ரோட்டப் பாத்து ஓட்டுங்க. முன்னால முட்டை லாரி போகுது.

மதுமதி: செரி, நான் ஒண்ணு கேக்கறேன். நாமக்கல் அத்தை தெனமும் எதுக்குப் போன் பண்றாங்க? நீங்க எதுக்குப் போன எடுத்துக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் போறீங்க?

தனபால்: அது... மோட்டாரு ரிப்பேரு.

மதுமதி: மோட்டார் ரிப்பேருக்கு எதுக்குங்கப்பா அத்தை பையன் கௌசிக் மாமா சாதகம்?

தனபால்: ஒட்டுக் கேட்டயா?

மஞ்சுளா: ஒட்டுக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? நீங்க பேசுனா பக்கத்துத் தோட்டத்துக்கே கேக்கும். தை மாசத்துல நாள் பாக்கறாங்களாமா.

தனபால்: படிப்ப நிறுத்துன்னு ஆரு சொன்னா? நாமக்கல்னா கல்யாணம் ஆனாலும் அக்கா ஊட்ல இருந்தே போலாம். ஆஸ்டல்ல கெடக்கறவள எப்படிக் கட்டிக் குடுக்கறது?

மதுமதி: அம்மா... எனக்குப் பயமா இருக்குது.

மஞ்சுளா: எதுக்குக் கண்ணு? அதான் வெள்ளை வந்துருச்சே.

தனபால்: அதான எப்படின்னு... மஞ்சுளா, எடுக்காம விட்ட பொட்டணம் எங்க?

மஞ்சுளா: என்ற பையில.

தனபால்: குடு. பிரிச்சுப் பாத்தர்லாம்.

மஞ்சுளா: மிச்சப் பொட்டணத்தப் பிரிக்கக் கூடாதுங்க. சாமி குத்தம்.

தனபால்: எந்த மடையன் சொன்னான்?

மஞ்சுளா: நீங்கதானுங்க. எனக்குக் காலேஜுல சீட்டுக் கெடச்சு, படிப்பா கல்யாணமான்னு பூக் கேட்டாங்களே, அன்னைக்கு.

தனபால்: இருவது வருசத்துக் கதை... அத எதுக்கு இப்ப இழுக்கற?

மஞ்சுளா: சும்மாதான். செரி, பிரிச்சா உள்ள என்ன பூ இருக்கோணும்?

தனபால்: செவப்பு. வேறென்ன?

மஞ்சுளா: இந்தா மது, நீயே பிரி.

மதுமதி: ...அம்மா, இதுலயும் வெள்ளை!

தனபால்: பாத்தயா! நெனச்சேன்! சாமிகிட்டயே திருட்டுத்தனம்! ஆரு மாத்துனது? நேத்து நானே என்ற கையால ரெண்டுலயும் செவப்ப வெச்சுக் கட்டி...

மதுமதி: ரெண்டுலயுமா?

தனபால்: நீ... ரோட்டப் பாக்க உடு.

மதுமதி: அப்பா... ரெண்டுலயுமா?

மஞ்சுளா: அவர எதுக்குக் கேக்கற? எனக்கும் அப்படித்தான் கட்டுனாங்க, எங்கப்பாவும் இவருமாச் சேந்து. மிச்சப் பொட்டணத்த நான் அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன். இத்தன வருசமா ஆருகிட்டயும் சொல்லல. அதான் இன்னைக்குக் கோழி கூப்பட எந்திரிச்சு ரெண்டையும் பிரிச்சு வெள்ளையா மாத்திக் கட்டுனேன்... வண்டியத் திருப்புங்க. சேலத்துல காலேஜுல சேர இன்னைக்குத்தான் கடைசி நாள்.