கரையாத தாள்

பிளம்பர்தான் எங்கிட்ட முதல்ல சொன்னார் சம்பந்தி, போன மாசக் கடைசி செவ்வாய்க்கிழமை, காலையில ஒரு எட்டு மணி இருக்கும். அம்மா, இது தாள் இல்லம்மா, பாதிக்குப் பாதி பிளாஸ்டிக்குன்னார். எனக்கு எங்க புரிஞ்சுது? பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கு, பூ வாசனை வருது, இதைப் போய் இப்படிச் சொல்றாரேன்னு நெனச்சேன்.

இல்லல்ல, குடிக்க ஒண்ணும் வேணாம். நீங்க உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா நான் வந்த விஷயத்தை எப்படிச் சொல்றது? உங்க பொண்ணு கோவிச்சுக்கிட்டு இங்க வந்து இன்னியோட ஒன்பது நாள். எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன, என் மூஞ்சியையே பாக்கறீங்க? இருங்க, அதுக்கும் வரேன்.

ஆமா, குழாய். கம்பியை விட்டு இழுத்தார் பாருங்க, வந்துச்சு, வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு. சடை பின்னின மாதிரி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு, இந்தத் தண்டி. எல்லாம் மேக்கப் துடைக்கிற வைப்ஸ். ஒண்ணாவது ஊர் போய்ச் சேரணுமே? வளைவுல உக்காந்து சங்கம் வச்சிருக்கு. கீழ் வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் குளியலறையில சாக்கடை பொங்கி அவர் செருப்பு மிதந்துச்சாம். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுவிட்டுக்கிட்டு மாடியேறி வந்து, இது யார் வீட்டு அலங்காரம்னு கேட்டார்.

பாக்கெட் மேல ஒரு பொண்ணு சிரிக்குது. ஒரே துடைப்புல முகம் பளிச்சாம். துடைக்கிறதா அது? இந்தக் கன்னத்து அழுக்கை அந்தக் கன்னத்துக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுது. ஒண்ணு பத்தாது, ஒரு மூஞ்சிக்கு நாலு. தேய்ச்சுத் தேய்ச்சு தோலே கையோட வந்துடும்போல இருக்கு. அதுல ஊறியிருக்கிற மருந்துத் தண்ணியை அப்புறம் கழுவணும்னு யார் சொல்றா? அது மூஞ்சியிலயே காயுது. ஒரு மணி நேரத்துல கன்னத்துல மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது. தரை துடைக்கிற துணியைக்கூட அலசிட்டுத்தான் அடுத்த ரூமைத் துடைக்கிறோம், மூஞ்சிக்கு அந்த மரியாதைகூட இல்ல. இதுல தண்ணியில கரையும்னு வேற போட்டிருக்கான். கரையும், கொள்ளுப்பேரன் எடுக்கறதுக்குள்ள கரைஞ்சுடும்.

எரியும்னு எனக்கு எப்படித் தெரியுமா? சொல்றேன்.

அதுக்குள்ள என் பையன் வந்துட்டான். வாய் நீளம், அவங்கப்பா வழி. பிளம்பர் முன்னாடி, வாத்தியார் முன்னாடி, உங்க பொண்ணைப் பாத்து, மூஞ்சிக்கு வெள்ளையடிக்கத் தெரியுது, குப்பையை எங்க போடறதுன்னு தெரியலையான்னான். அவ வாளியில கிடந்த அந்தக் கயித்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. உள்ள போய்ப் பையை எடுத்தா.

நான் என்ன பண்ணேன்? கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ணேன். கடவுளே, இந்தக் குடும்பத்துக்கு நல்ல புத்தியைக் குடுன்னு. அவர் சிரிச்சிருப்பார்.

ஊருக்குத்தாண்டி உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க? கடவுள் குடுத்த மூஞ்சிக்கு மேல எதுக்குடி இன்னொரு மூஞ்சின்னு என் பொண்ணுங்க ரெண்டு பேரையும் பவுடர் டப்பாவைத் தொட விடாம வளத்தவ நான். உங்க பொண்ணு வந்த முதல் வாரமே அவளுக்கும் அதே பாட்டு. பாவம், கம்பெனி வாசல்ல வர்றவங்களை வரவேற்கிற வேலை. சரிங்கத்தைம்பா, உதட்டுல வெளிர் ரோஸைப் பூசிக்கிட்டுக் கிளம்பிடுவா. சாயங்காலம் துடைச்சதை மூடி போட்ட குப்பைத் தொட்டியில போடுவா, ஒரு நாள் தவறினதில்ல.

வாளியில கிடந்தது அடர் சிவப்பு சம்பந்தி.

கல்யாணப் பரிசா வந்து அவ தொடாமலே வச்சிருந்த லிப்ஸ்டிக். எல்லாரும் வேலைக்குப் போனப்புறம், என் பிரார்த்தனையை முடிச்சுட்டு, அரை மணி நேரம் கண்ணாடி முன்னாடி நிப்பேன். யாருக்குக் காட்ட? அம்பத்தெட்டு வயசுல என் உதடு எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு. தொட்டியில போட்டா தெரிஞ்சுடுமேன்னு டாய்லெட்ல போட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டேன். பாக்கெட் பாதி மாசத்துல காலியாச்சு. அவ ஒண்ணும் கேக்காம இன்னொண்ணு வாங்கி வச்சா.

கன்னம் என்னங்கத்தை இப்படிச் சிவந்திருக்குன்னு ஒரு நாள் கேட்டா. வெயில்னேன். வாசப்படி தாண்டாதவளுக்கு வெயில். மறுநாள் என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குப் பக்கத்துல இது இருந்துச்சு. பாருங்க, பழைய பருத்திச் சட்டையை வெட்டி ஓரம் தைச்ச துண்டு, ஏழு. சின்ன பாட்டில்ல தேங்காய் எண்ணெய். ஒரு சீட்டு. படிக்கிறேன்: ரெண்டு சொட்டு தடவி மெதுவா துடைங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணி. எரியாது. துவைச்சு மறுபடி வச்சுக்கலாம்.

ஏன், எதுக்குன்னு ஒரு வரி இல்ல. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடியும் என்னைக் காட்டிக் குடுக்கல. நான் அவளைக் காட்டிக் குடுத்தேன், வாயைத் திறக்காமலே.

காலையில என் பையன்கிட்ட சொல்லிட்டேன். வாத்தியார் வீட்டுக்கும் படியிறங்கிப் போய்ச் சொல்லிட்டேன், மனுஷன் என் உதட்டைப் பாக்காம செருப்பையே பாத்துக்கிட்டு இருந்தார். பையன் சாயங்காலம் வருவான். அவன் மன்னிப்பை அவனே சுமந்துட்டு வரட்டும், நான் தூக்க மாட்டேன்.

ஆமா, அதே சிவப்புதான். வழியெல்லாம் பஸ்ல எல்லாரும் பாத்தாங்க, பாக்கட்டும்.

லிஃப்ட் சத்தம் கேக்குதே, அவதானா? நீங்க எழுந்திருக்காதீங்க சம்பந்தி. கதவை மட்டும் நான் திறக்கிறேனே.