அன்னிக்குக் காத்து இல்ல

இல்லம்மா, போடமாட்டேன். பேனாவைப் பையில வை. மாத்தே டீ ஊத்துறேன், ரெண்டு வாய் குடிச்சுட்டுப் போ. கையெழுத்து மட்டும் கேக்காத.

படிச்சேனே! கண்ணாடி மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். எங்க விமானந்தாங்கிக் கப்பல் பொறந்ததுலேர்ந்து உன் புத்தகத்துல எழுதியிருக்க. இங்கிலீஷ்காரன்கிட்டப் பொறந்து, ஹாலந்துக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, நம்ம அர்ஜென்டினாவுக்கு மூணாங்கையா வந்தவ. வயசான காலத்துல ஒரு தீவுக்காகப் பொறந்த வீட்டோடயே சண்டைக்குப் போனா. கடைசியில இந்தியாவுல ஏதோ ஒரு கரையில இழுத்துப் போட்டுக் கூறு கூறா அறுத்தாங்க. எல்லாம் சரி. எந்த விமானம் எப்ப வந்துச்சு, எது கடல்ல விழுந்துச்சு, ஒண்ணு விடல நீ. உங்கப்பா இருந்திருந்தா மீசையை முறுக்கியிருப்பாரு.

அந்த ஒரு பக்கம்தான். எம்பத்திரெண்டு, மே ரெண்டாம் தேதி காலை. அன்னிக்குக் காத்து இல்ல, அதனால விமானங்க கிளம்பல, காத்தை அளந்த ஃபெர்மின் மேல ஒரு தப்பும் இல்லன்னு நானே சாட்சி சொல்ற மாதிரி எழுதி, அடியில கோடு போட்டுக் கொண்டாந்திருக்க. என் பேர்ல இருக்குற கறையைத் துடைக்கத்தான் வந்திருக்க, புரியுது. நல்ல மனசு நொயெமி உனக்கு. அதான் உக்கார வெச்சுப் பேசுறேன். போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரன் வந்தான், வாசலோட சரி.

ஊர் பேசுறது எனக்குத் தெரியாதா? இந்தப் புந்தா அல்தாவுல நான் ரொட்டிக்கடையில நின்னா, பின்னாடி ஒருத்தன் விரலை நக்கித் தூக்கிக் காட்டுவான், காத்து அடிக்குதா பாருங்கடான்னு. ஃபேன் கடை போட்டேன் பாரு, முடிவெட்டுற லூச்சோ என்ன சொன்னான் தெரியுமா? கடல்ல காத்தை ஒளிச்சவன் கரையில காத்து விக்கிறான்னான். சிரிக்காத. சரி, சிரிச்சுக்கோ. நானும்தான் சிரிச்சேன். அவன் கடையில சுத்துற ஃபேனும் நான் மாட்டினதுதான்.

ஆமா, தெரியும். அன்னிக்கே சாயங்காலம் நம்ம இன்னொரு கப்பலை இங்கிலீஷ்காரன் முழுக அடிச்சான். எங்க தெருப் பையன் ஒருத்தன் அதோட முழுகிப்போனான். காலையில நீங்க அடிச்சிருந்தா சாயங்காலம் அவன் அடிச்சிருப்பானாடான்னு அவன் அம்மா என்னை ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. ஆனா நான் தலை குனியல. அதை வேணா எழுதிக்கோ.

பயமா? எனக்கென்ன பயம்? பறக்கப் போறவனா நான்?

அவங்கதான் போகணும். முதல் நாள் சாயங்காலம் பைலட்டுங்க எல்லாம் என் ரூமுக்கு வந்துட்டாங்க, பெரிய மேஜை அங்கதான் இருந்துச்சு. ஆறு விமானம் போனா நாலு இங்கிலீஷ்காரன் கப்பல் வரைக்கும் போகும், ரெண்டு திரும்பும். இதுதான் கணக்கு. ஒருத்தரும் குரலை ஒசத்தல, சந்தைக்கு லிஸ்ட் போடுற மாதிரி பேசிக்கிறாங்க. உங்கப்பா லெப்டினன்ட் பெல்த்ராமோ இருக்காரே, அந்த ரெண்டு பேர் யாருன்னு இப்பவே சொல்லிட்டா மத்த நாலு பேர் வயிறு முட்டச் சாப்பிடலாமேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மாத்தே ஊத்திக்கிட்டிருந்த நான் மேப்புல சிந்திட்டேன். தீவு பூரா நனைஞ்சுபோச்சு.

விடிஞ்சா, கடல் எண்ணெய் மாதிரி கிடக்குது. மே மாசம் அந்தக் கடல்ல தொப்பி தலையில நிக்காது, அன்னிக்கு ஒரு இணுக்கு அசையல. நீ எழுதினதுதான், எதிர்க்காத்து இல்லாம நாலு குண்டு கட்டின விமானம் எழும்பாது. கிழட்டுக் கப்பலுக்கு வேகமும் பத்தாது. காத்து வரட்டும்னு ஊர்ந்துக்கிட்டிருந்தோம். மேல கேப்டன்கிட்ட இருக்குற, காத்து காட்டுற முள்ளு லேசான காத்துல சிக்கிக்கும், நம்ப முடியாது. அதனால நான் தளத்து முனையில, கிண்ணம் சுத்துற கருவியும் டெலிபோனுமா நிக்கிறேன். நான் சொல்றதுதான் எண்.

அது கிடக்கட்டும், உங்க வீட்டுல எத்தனை ஃபேன் இருக்கு?

சும்மா சொல்லேன். இருபத்தேழா! கொட்டகையில பெட்டி பிரிக்காமலேவா? எல்லாம் என் கடைச் சரக்கு. தலையில கட்டுறான்னு உங்கம்மா என்னைத் திட்டித் தீர்த்திருப்பாங்களே. நான் கட்டலம்மா. கடை போட்ட வருஷத்துலேர்ந்து, ஒவ்வொரு மே ரெண்டாம் தேதியும் உங்கப்பா வந்துருவாரு. பல்லு கிட்டுற குளிர்ல, கோட்டும் மஃப்ளருமா. இந்த ஊர்ல அந்த மாசத்துல எவன் ஃபேன் வாங்குவான்? ஒண்ணு குடு ஃபெர்மின்ம்பாரு. கடையில மாட்டியிருக்குற ஒண்ணை ஓட விடச் சொல்லி அது முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் நிப்பாரு. அப்புறம் காசைக் குடுத்துட்டுப் புதுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிருவாரு. கிளப்புல எவனோ என்னைக் கோழைன்னதுக்கு ஒயின் கிளாஸை எறிஞ்சாருன்னு சொன்னியே, எறிவாரு.

அன்னிக்குக் காலையில முதல் விமானத்துல உக்காந்திருந்தவரு அவர்தானே. எனக்கு எட்டுற தூரம், மேல் மூடி திறந்திருக்குது. முழங்கால்ல வெச்சிருந்த காகிதம் திடீர்னு படபடன்னு பறந்துச்சு. எட்டிப் புடிச்சாரு. என்னைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு. கிண்ணம் பம்பரமா சுத்துது. மேல முள்ளு வழக்கம்போல சிக்கிக்கிட்டு நிக்குது. நான் டெலிபோனை எடுத்து, காத்து இல்லாதப்ப சொன்ன அதே எண்ணைச் சொன்னேன். அவரு காகிதத்தை மடிச்சுக் கையுறைக்குள்ள சொருகிக்கிட்டு, மூடியை இழுத்து மூடிட்டாரு.

பதினோரு நிமிஷம் காத்து அடிச்சுது. அப்புறம் நின்னுபோச்சு.

ஆறு பேருக்காக ஒரு பொய் சொன்னேன். என் பேருக்காக இன்னொண்ணு சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு, காத்து வந்துச்சுன்னு எழுது. உங்கப்பா பாத்ததை எழுதறதும் விடறதும் உன் இஷ்டம்.

எழுதிட்டியா? இப்பக் குடு அந்தப் பேனாவை.