கறுத்துப்போன கான்கிரீட்டும் சம்பந்தி வீட்டுச் சண்டையும்

அவையின் நடுவே அமர்ந்து அனைவரையும் அன்போடு ஆளும் தலைவர் அவர்களே! கட்டிய மாடிகளைவிட உயர்ந்து நிற்கும் மூத்த மேஸ்திரிமார்களே! சட்டியைத் தலையிலும் சம்சாரத்தைத் தோளிலும் சுமந்து, இரண்டையும் சிந்தாமல் கரை சேர்க்கும் தாய்மார்களே! கம்பி கட்டும் கரங்களே, பலகை அடிக்கும் தோழர்களே! "இவர் எப்போது முடிப்பார், சாப்பாடு எப்போது போடுவார்கள்" என்று கதவோரம் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசைச் சொந்தங்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன பேசுவது என்று உங்கள் செயலாளரைக் கேட்டேன். "நீங்க கான்கிரீட்டைச் சோதிக்கிறவரு. ஏதாவது சோதனையா பேசுங்களேன்" என்றார். எனக்கென்ன? கேட்கப்போகிற உங்களுக்குத்தான் சோதனை!

நண்பர்களே, கான்கிரீட்டுக்கு வாய் உண்டா? இல்லை. நாக்கு உண்டா? இல்லை. ஆனால் நிறம் உண்டு. அந்த நிறம் ஒரு நாள் மாறினால், வாயும் நாக்கும் உள்ளவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் பேச்சு முற்றி, பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் முகம் பார்க்காத நிலைக்குப் போன கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு பெண் மேஸ்திரி. எல்லோரும் அவரை மேஸ்திரியம்மா என்பார்கள். கணவர் போன பிறகு அவருடைய ஆட்களையும் கலவை மிஷினையும் தானே ஏற்று நடத்துகிறவர். அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் குண்டும் குழியுமான சாலையில் உடம்பு குலுங்க ஓட்டியவருக்கு ஓர் ஆசை. வீட்டுக் கேட்டிலிருந்து கார் நிற்கிற இடம் வரைக்குமாவது பாதை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று. "வெளியில யாருக்கோ ஏன் குடுக்கணும்? நம்ம சம்பந்தியம்மாவே கான்கிரீட் தளம் போடட்டும்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

மேஸ்திரியம்மாவும் பெருமையாகத்தான் போட்டார். மட்டம் பிசகவில்லை. ஓரம் உடையவில்லை. மேல்பூச்சு வெண்ணெய் தடவியதுபோல் இருந்தது. அடுத்த வேலை காத்திருந்ததால், "தண்ணி மட்டும் காயவிடாம பாத்துக்குங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சில நாள் கழித்துத் தளம் காய்ந்தது. காய்ந்ததும் என்ன ஆயிற்று? சாம்பல் நிறத் தளத்தில் கறுகறுவென்று கோடுகள்! வளைந்த கோடு, நெளிந்த கோடு, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடுகிற கோடு! நடுநடுவே திட்டுத் திட்டாய்ச் சாம்பல். வீட்டு வாசலில் யாரோ வரைபடம் விரித்துவைத்ததுபோல!

என்னம்மா, அந்த வரிசையில் தலையசைக்கிறீர்கள்? பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். இதைப் பார்க்காத கொத்தனார் இன்னும் கரணையே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஓட்டுநர் ஐயா கொதித்தார். சம்பந்தியம்மாவை வரவழைத்து, வாசலிலேயே நிறுத்தி, தெருவே கேட்கும்படி கேட்டார்: "மண்ணைக் கலந்தீங்களா? மட்டச் சிமெண்ட்டா? சொந்த வீடுன்னு நம்பிக் குடுத்தா இப்படித்தான் ஏமாத்துவீங்களா?"

மேஸ்திரியம்மா தளத்தை ஒருமுறை பார்த்தார். கதவுக்குள் நின்ற மகளை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார். அதன்பிறகு ஐயா, தளத்தையே உடைத்து எடுக்க ஆள் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியது அந்த மகள். "சார், எங்க வீட்டுத் தளத்தை வந்து ஒரு தடவ பாருங்க. உடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க." ஏனம்மா என்றேன். "உடைச்சிட்டா அப்புறம் ஒட்ட முடியாதுங்க சார்." அவள் தளத்தை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

நான் போய் இறங்கினேன். எனக்கு முன்பே உடைக்கிறவர் வந்து, மிஷின் மேலேயே உட்கார்ந்திருந்தார். "உடைக்கலாமா, வேணாமா?" இதுதான் அவர் எனக்குச் சொன்ன வணக்கம்! மேஸ்திரியம்மாவும் மகள் கூப்பிட்டதற்காக வந்து, மதிலோரம் தனியாக நின்றிருந்தார். ஐயா நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமனாருக்கும் தாய்க்கும் நடுவே, கதவு நிலையைப் பிடித்தபடி அந்தப் பெண்.

முதலில் ஐயாவின் சந்தேகம். சிமெண்ட் குறைவா? ஆணியை எடுத்துக் கீறினேன். ஆணிதான் தேய்ந்தது. சுத்தியால் தட்டினேன். கணீர் என்றது. "ஐயா, தளம் கெட்டியா இருக்குங்க" என்றேன். "கெட்டியா இருந்தா என்ன தம்பி? பாக்க முகம் வெந்த மாதிரி இருக்கே!" என்றார்.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "அடியில உப்புத் தண்ணி ஏறுதுங்க" என்று மருந்து எழுதினார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். உப்பு பூத்திருந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். இதுவோ கறுப்பு. துடைத்தாலும் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் தலையை இழுத்துக்கொண்டார்.

அடுத்து எனக்கே ஒரு சந்தேகம். படித்தவனுக்குச் சந்தேகம் தனியாக வராது, நாலைந்து துணையோடுதான் வரும்! "இரண்டு வகைச் சிமெண்ட் கலந்துபோயிருக்கும்" என்று பெரிய தோரணையோடு சொல்லிவிட்டேன். மேஸ்திரியம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "ஒரே வண்டியில வந்த மூட்டை சார். அப்படியே கலந்திருந்தாலும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்புன்னு பிரிஞ்சில்ல நிக்கும்? இது பாம்பு மாதிரி ஊருது." நியாயம்தானே? என் தோரணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பூச்சுக் கரணையை அழுத்தித் தேய்த்தால் தளம் கறுக்கும். அதுவாக இருக்குமோ? குனிந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். கரணை போன தடம் ஒரு பக்கம் வளைந்து போகிறது. கறுப்புக்கோடு அதை வெட்டிக்கொண்டு வேறு பக்கம் போகிறது. அதுவும் இல்லை.

"உடைக்கலாமா?" என்றார் மிஷின்காரர். பொறுங்கள் மிஷின்காரரே! ஆயிரம் பேர் கூடிக் கட்டியதை அரை நொடியில் உடைத்துவிட்டு, காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்றால், பிறகு எதற்கு இந்த அறிவு?

குனிந்தபடியே ஓரத்துக்கு நகர்ந்தேன். அங்கே பார்த்தேன் நண்பர்களே! தளத்தின் விளிம்பு நெடுக, வரிசையாக, சின்னச் சின்ன நீள்கட்டங்கள். ஒவ்வொன்றும் வெளுப்பு. ஒரு கறைகூட இல்லாத சுத்தமான சாம்பல். கையை விரித்து ஒன்றின்மேல் சாண் போட்டுப் பார்த்தேன். நீளம் சாண் அளவு. அகலம் அதில் பாதி. அது எதன் அளவு? சொல்லுங்கள்!

ஆம், அங்கே சொன்னீர்களே, செங்கல்! செங்கல்தான்!

பூச்சு முடிந்த தளத்தின்மேல் செங்கல்லை யார் வைப்பார்? வேலை செய்தவர்கள் வைக்க மாட்டார்கள். எதையோ விரித்து, அது பறக்காமல் இருக்கப் பாரம் வைத்திருக்கிறார்கள். விரித்தது பிளாஸ்டிக் தாள். தாள் ஒட்டிப் படிந்த இடத்தில் ஈரம் ஒருமாதிரி. சுருங்கித் தூக்கிக்கொண்ட இடத்தில் காற்று அடைபட்டு ஈரம் வேறுமாதிரி. ஒட்டிய இடம் வெளுத்தது, தூக்கிய சுருக்கம் கறுத்தது. தாளில் விழுந்த மடிப்பெல்லாம் தளத்தில் படமாக விழுந்துவிட்டது!

நிமிர்ந்து கேட்டேன். "தளத்து மேல யாராவது பிளாஸ்டிக் தாள் விரிச்சீங்களா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். ஐயா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் சுருட்டிய தாள். அதைத் தளத்தின்மேல் விரித்தார். பழைய மடிப்புகள் தாமாக எழுந்து நின்றன. ஒவ்வொரு மடிப்பின் கீழும் ஒரு கறுப்புக்கோடு! சாவி பூட்டில் பொருந்துவதுபோலப் பொருந்தியது.

"நான்தான் தம்பி மூடுனேன்" என்றார். "வெயில் சுள்ளுனு அடிச்சது. பச்சப்புள்ள மாதிரி தளம் வெந்துபோயிடுமேன்னு மூடுனேன். காத்துல பறக்கப் பறக்க ஓடி ஓடிச் செங்கல் வச்சேன். நல்லது செய்யறதா நெனச்சேனே..."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "நான் விரிச்சப்ப நீதானம்மா அந்தப் பக்கம் முனையைப் பிடிச்ச. ஒனக்குத் தெரியும். ஏம்மா சொல்லல?"

அவள் பதில் சொல்வதற்குள் மேஸ்திரியம்மா முந்திக்கொண்டார். கோபம் ஐயாமீது இல்லை, மகள்மீது. "பெத்தவள நடுத்தெருவுல ஏமாத்துக்காரின்னு சொன்னாங்க. அப்பவும் ஒன் வாயி தொறக்கல. அவ்வளவு பெரிய பொண்ணாயிட்டியா நீ?"

மகள் அழவில்லை. "தாளாலதான் கறுத்துச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? சந்தேகம்தான் இருந்துச்சு. ஒம் பக்கம் பேசுனா அம்மாவுக்குப் பரிஞ்சு பேசுறான்னுவாங்க. மாமா பக்கம் பேசுனா நீ மனசொடிஞ்சு போவ. எம் பேச்ச யாரும் நம்ப மாட்டீங்க, தளத்தைக் கேட்டா நம்புவீங்கன்னுதான் இவரக் கூப்பிட்டேன். ஆனா அன்னைக்கு நீ தனியா போனப்ப ஒங்கூட நடந்தாவது வந்திருக்கணும். அது தப்புதாம்மா."

தாய் உடனே உருகிவிட்டார் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். ஐயாதான் அவர் முன்னால் போனார். "சம்பந்தியம்மா, தெருவுல நின்னு பேசிட்டேன். மன்னிப்பையும் தெருவுலயே கேக்கறேன்" என்று, மருந்துக்கடைக்காரர் காதிலும் விழும்படி கேட்டார். மேஸ்திரியம்மா குனிந்து தாளின் ஒரு மடிப்பைக் கையால் நீவிவிட்டார். பிறகு, "சுருக்கமில்லாம இழுத்து விரிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்கும் நின்னு சொல்லிக்குடுக்க நேரமில்லாமப் போச்சு" என்றார். மகளிடம் திரும்பாமலே, "வெந்நி வை. பிரஷ் எடுத்துட்டு வா" என்றார். அந்த வீட்டில் சமாதானம் அந்த வார்த்தையில்தான் தொடங்கியது.

வெந்நீர் ஊற்றித் தேய்த்தார்கள். காயவிட்டார்கள். மறுபடி தேய்த்தார்கள். உடைக்க வந்தவரும் சும்மா இருக்க முடியாமல் ஒரு பிரஷை வாங்கிக்கொண்டார்! பின்னொரு நாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கறுப்பு பெரும்பாலும் மங்கியிருந்தது. கேட்டருகே கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது போகாது என்று நானே சொல்லிவிட்டேன். தாயும் மகளும் காருக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ ஒரு சேலையைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரணச் சண்டை. கேட்கச் சுகமாக இருந்தது.

உழைக்கும் சொந்தங்களே! சுவரில் விரிசல் கண்டால், தளத்தில் கறை கண்டால், உறவில் ஒரு வாட்டம் கண்டால், நம் வாயில் முதலில் வரும் கேள்வி எது? "யார்?" யார் செய்தது, யார் கெடுத்தது, யாரைப் பிடிப்பது! யார் என்று கேட்டால் விரல் நீளும். எப்படி என்று கேட்டால் கண் நீளும். யார் என்று கேட்டால் எதிரே நிற்பவர் ஒளிவார். எப்படி என்று கேட்டால் ஒளிந்திருப்பதே எதிரே வந்து நிற்கும். எப்படி என்று கேளுங்கள்! குனிந்து கேளுங்கள்! முழங்கால் அழுக்காகக் கேளுங்கள்! உங்கள் முதல் பதில் தவறென்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை கேளுங்கள்! மிஷின்காரர் காத்திருக்கட்டும், உடைப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது!

பொறுமையாகச் செவிகொடுத்த தலைவருக்கும், பசியை அடக்கிக்கொண்டு கைதட்டிய உங்களுக்கும், கரகரத்தாலும் கைவிடாத இந்த ஒலிபெருக்கிக்கும் என் நன்றி. உங்கள் கை பட்ட தளமெல்லாம் உறுதியாகட்டும், உங்கள் வாசலெல்லாம் உறவு நடமாடட்டும். வணக்கம்!