கணக்கில் கழித்த ஆள்

நர்ஸ்: கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நடக்கற நடையில எனக்குத் தலை சுத்துது.

ஸ்டோர்கீப்பர்: உட்கார்ந்தா எனக்கு யோசனை ஓடாது. கேளு, முதல்லேர்ந்து சொல்றேன்…

நர்ஸ்: முதல்லேர்ந்தா? ஐயோ சாமி. டியூட்டிக்கு பஸ் பிடிக்கணும். விட்ட இடத்துலேர்ந்து சொல்லுங்க.

ஸ்டோர்கீப்பர்: எங்க விட்டேன்?

நர்ஸ்: ஜன்னல்கிட்ட. தனியா இருக்கறவங்கன்னு ஆரம்பிச்சீங்க. ஜன்னலைச் சாத்தினீங்க, திறந்தீங்க, மறுபடி சாத்தினீங்க.

ஸ்டோர்கீப்பர்: ஆங். தனியா இருக்கறவங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்புல போட்டிருக்கு. நம்ம வட்டாரத்துல மூணுல ஒரு வீடு ஒத்தை ஆள் வீடு. வாடகை. ஒரே ரூம். துணி காயப்போட ஒரு முழம் கொடி கட்ட இடம் இல்ல. இவன் எங்க போய்த் துவைப்பான்?

நர்ஸ்: துவைக்க மாட்டான். எங்க வார்டுக்கு வர்றானுங்களே, சட்டையைக் கழட்டச் சொன்னா நாங்க ரெண்டடி தள்ளி நிப்போம்.

ஸ்டோர்கீப்பர்: அதைத்தானே நானும் சொல்றேன்! அந்த ரெண்டடியிலதான் நாம போடப்போற லாண்டரிக் கடை நிக்குது. நாலு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை. பையோட குடுத்துட்டுப் போ, சாயங்காலம் மடிச்சு வாங்கிக்கோ.

நர்ஸ்: நல்லாத்தான் இருக்கு. மொத்த வட்டாரத்துக்கும் சராசரி என்ன?

ஸ்டோர்கீப்பர்: வீட்டுக்கு மூணே கால் ஆளு.

நர்ஸ்: அந்தக் கால் ஆளு யாருங்க?

ஸ்டோர்கீப்பர்: சராசரின்னா அப்படித்தான் வரும்…

நர்ஸ்: நம்ம வீட்டுல நீங்கதான் அந்தக் கால். மிச்ச முக்காலும் எங்க சுத்துதோ தெரியல.

ஸ்டோர்கீப்பர்: கிண்டல் பண்ணு, பண்ணு. என் கண்ணாடி எங்க?

நர்ஸ்: நெத்தியில.

ஸ்டோர்கீப்பர்: …ம். இதைப் பாரு. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு. சோப்புக்கு, துணிக்கு, செருப்புக்கு ஒரு குடும்பம் என்ன செலவு பண்ணுதுன்னு தனித்தனியா இருக்கு. இது தொழில் நிறுவனக் கணக்கெடுப்பு. எந்தத் தெருவுல எத்தனை கடை, என்ன கடை, எத்தனை ஆள் வேலை பாக்கறாங்க…

நர்ஸ்: இதெல்லாம் எப்ப உட்கார்ந்து எடுத்தீங்க?

ஸ்டோர்கீப்பர்: எப்பன்னா… சாப்பாட்டு நேரத்துல. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல.

நர்ஸ்: இவ்வளவு காகிதத்தையுமா? அவ்வளவு பெரிய சாப்பாடா நான் கட்டிக் குடுக்கறேன்?

ஸ்டோர்கீப்பர்: உனக்குக் கடையில அக்கறையா, என் சாப்பாட்டு நேரத்துல அக்கறையா?

நர்ஸ்: ரெண்டுலயும்தான். சரி சரி, முறைக்காதீங்க. இந்த வட்டாரத்துல லாண்டரி எத்தனைன்னு போட்டிருக்கான்?

ஸ்டோர்கீப்பர்: பூஜ்யம்! ஒண்ணு கூடக் கிடையாது. இதைப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

நர்ஸ்: தெரியும். கட்டில் ஆடிச்சு. அந்தக் கட்டைவிரலை எடுங்க.

ஸ்டோர்கீப்பர்: எந்த விரலை?

நர்ஸ்: பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஊன்றி வெச்சிருக்கீங்களே, அதை. …முந்தின தடவை எடுத்தப்ப ரெண்டு. இந்தத் தடவை பூஜ்யம். ரெண்டு கடை இருந்திருக்கு, ரெண்டும் மூடியாச்சு. இதைத்தான் மறைச்சுட்டுப் படிக்கறீங்களா?

ஸ்டோர்கீப்பர்: மறைக்கல. விரல் அங்க இருந்துச்சு.

நர்ஸ்: உங்க விரலுக்கு ரொம்ப விவரம்.

ஸ்டோர்கீப்பர்: நான் விசாரிச்சுட்டேன்ம்மா. ஒருத்தர் மகன் வீட்டோட போயிட்டார். இன்னொண்ணு இருந்த கட்டடத்தையே இடிச்சுட்டாங்க. ஆள் வராம மூடல. பக்கத்துல பூட்டுக் கடைக்காரர் இருக்கார், புதன்கிழமை காலையில அவரோட ஒரு மணி நேரம் பேசிட்டு…

நர்ஸ்: புதன்கிழமை காலையிலயா?

ஸ்டோர்கீப்பர்: …ஸ்டோர் வேலையா அந்தப் பக்கம் போனேன். ஸ்டோர்கீப்பர்னா நாள் பூரா குடோனுக்குள்ளயேவா உட்கார்ந்திருப்பான்?

நர்ஸ்: நான் ஒண்ணும் சொல்லலையே. தண்ணி குடிங்க.

ஸ்டோர்கீப்பர்: வேண்டாம். …குடு. மேல கேளு. இந்தத் தாள்தான் முக்கியம். மொத்த ஜனத்துலேர்ந்து நம்ம கடைக்கு வராதவங்களை வரிசையாக் கழிச்சிருக்கேன். குழந்தைங்களைக் கழிச்சாச்சு. வீட்டுல மிஷின் வெச்சிருக்கறவங்க, கழிச்சாச்சு. வேலைக்காரம்மா வர்ற வீடு, கழிச்சாச்சு. வேலை தேடறவங்க, கழிச்சாச்சு.

நர்ஸ்: அவங்களை ஏன்?

ஸ்டோர்கீப்பர்: யாரை?

நர்ஸ்: வேலை தேடறவங்களை.

ஸ்டோர்கீப்பர்: வருமானம் இல்லாதவன் காசு குடுத்துத் துணி வெளுப்பானா? அவனுக்குத்தான் நாள் முழுக்க நேரம் கிடக்கே. அவனே துவைச்சுப்பான்.

நர்ஸ்: நாலு இடத்துல ஏறி இறங்கணுமே. வெள்ளையா ஒரு சட்டை வேண்டாமா?

ஸ்டோர்கீப்பர்: ஒரே சட்டைதானே. ராத்திரி அலசிப் போட்டாக் காலையில…

நர்ஸ்: இஸ்திரி?

ஸ்டோர்கீப்பர்: தலகாணிக்கு அடியில மடிச்சு வெச்சாப் போதும். நீ ஏன் அவன் சட்டையையே பிடிச்சுத் தொங்கறே? மொத்தம் எத்தனை பேரு தெரியுமா? வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு எல்லா வீட்டுக்கும் போக மாட்டாங்க. சீட்டுக் குலுக்கற மாதிரி சில வீட்டைப் பொறுக்குவாங்க. நம்ம வட்டாரத்துல நாப்பது வீடு. அதுல வேலை தேடறவங்க மூணே பேரு. அதை வெச்சு மத்த வீட்டுக்கும் பெருக்கிக்க வேண்டியதுதான். போன வாரம்தான் அறிக்கை வெளிய வந்துச்சு.

நர்ஸ்: அந்த மூணு பேரு யாருன்னு போட்டிருக்கா?

ஸ்டோர்கீப்பர்: போடுவாங்களா? முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு. தனி ஆள் விவரம் எக்காரணத்தைக் கொண்டும் வெளிய வராதுன்னு.

நர்ஸ்: நல்ல பழக்கம். எத்தனையோ வீட்டை விட ஒழுங்காக் காப்பாத்தறாங்க.

ஸ்டோர்கீப்பர்: என்ன?

நர்ஸ்: ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுக்கு இவங்க வந்திருந்தா…

ஸ்டோர்கீப்பர்: நம்ம வீட்டுக்கு எங்க வரப்போறாங்க! எதுலயும் நம்ம சீட்டு விழுந்ததே இல்ல.

நர்ஸ்: ம்…

ஸ்டோர்கீப்பர்: ஆகக் கழிச்சது போக இவ்வளவு பேரு. அதுல பத்துல ஒருத்தன் வந்தாலே கடை நிக்கும். இருபதுல ஒருத்தன் வந்தா மூச்சு வாங்கும், ஆனா நிக்கும். என்ன சொல்றே?

நர்ஸ்: கணக்கு நல்லா இருக்குங்க. நிஜமாச் சொல்றேன். விரலை எடுத்த பிறகும் நல்லாத்தான் இருக்கு.

ஸ்டோர்கீப்பர்: அப்ப கையெழுத்து? நாளைக்குக் காலையில பேங்க்ல லோனுக்குக் குடுக்கணும். உன் சம்பளச் சீட்டு, ஜாமீன் கையெழுத்து, அவ்வளவுதான்.

நர்ஸ்: உங்க சம்பளச் சீட்டு இருக்கே. என்னை விடக் கூடுதல் சர்வீஸ். அதையே வெச்சா பேங்க்காரன் எழுந்து நின்னு குடுப்பானே.

ஸ்டோர்கீப்பர்: அது… கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். இவன் வெளிய போகப் பாக்கறான்னு நினைப்பாங்க.

நர்ஸ்: போகத்தானே போறீங்க?

ஸ்டோர்கீப்பர்: கடை நிக்கட்டும். அப்புறம்.

நர்ஸ்: அது வரைக்கும் கடையில யார் நிப்பா? நீங்க குடோன்ல இருப்பீங்க, நான் வார்டுல இருப்பேன். துணி தானா நடந்து போய் மிஷினுக்குள்ள இறங்குமா?

ஸ்டோர்கீப்பர்: லீவு போடுவேன்.

நர்ஸ்: எத்தனை நாளைக்கு?

ஸ்டோர்கீப்பர்: வேணுங்கற வரைக்கும்! என்னம்மா நீ, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி…

நர்ஸ்: கத்தாதீங்க. உட்காருங்க. இங்க, கட்டில்ல. …கடை மூழ்கினா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. அந்தச் சம்பளத்துலதான் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து படிக்கறா. அது உங்களுக்கும் தெரியும்.

ஸ்டோர்கீப்பர்: தெரியும். அதனாலதான் இத்தனை காகிதம். கண்ணை மூடிட்டு இறங்கலைன்னு உனக்குக் காட்டத்தான்…

நர்ஸ்: உங்களை நம்பாம கேக்கல. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும். சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?

ஸ்டோர்கீப்பர்: …தண்ணி. அந்தத் தெருவுல தண்ணி கொஞ்சம் உப்பு. மிஷினுக்கு ஆகாது. வடிகட்டி போடணும்.

நர்ஸ்: போட்டுக்கலாம். வேற?

ஸ்டோர்கீப்பர்: கரண்ட்டுக்குத் தனி மீட்டர் கேக்கணும்.

நர்ஸ்: கேக்கலாம். வேற?

ஸ்டோர்கீப்பர்: வேற என்ன… பஸ்ஸுக்கு நேரமாகல உனக்கு?

நர்ஸ்: அடுத்த பஸ்ல போய்க்கறேன். மறுபடி ஜன்னலுக்குப் போகாதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. அந்த மூணு பேரு. அவங்களைக் கழிச்சது எனக்கு என்னவோ போல இருக்கு. அவங்களும் சட்டை போட்டுட்டுத்தானே வெளிய போறாங்க. எல்லாரையும் விட அவங்கதான் பளிச்சுன்னு போட்டுட்டுப் போகணும்.

ஸ்டோர்கீப்பர்: …சரி. சேர்த்துக்கறேன்.

நர்ஸ்: மூணு பேரையும்?

ஸ்டோர்கீப்பர்: நாலு.

நர்ஸ்: நாலா?

ஸ்டோர்கீப்பர்: நாலு பேரும்மா. அவங்க கேக்காம விட்ட வீட்டுல ஒருத்தன் இருக்கான். மழைக்கு முன்னாடியே ஸ்டோரை மூடிட்டாங்க. சரக்கு நேரா தொழிற்சாலைக்கே வந்து இறங்குதாம், குடோனே தேவையில்லையாம். வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி குடுத்த பணத்தைத்தான் மாசாமாசம் சம்பளம் மாதிரி உன் கையில குடுத்துட்டு வந்தேன். அதுவும் தீரப்போகுது. காலையில கிளம்பி நாலு கம்பெனிப் படி ஏறுவேன், இறங்குவேன். மிச்ச நேரம் லைப்ரரி. இந்தக் காகிதமெல்லாம் அங்க எடுத்ததுதான். கணக்குல யாரையெல்லாமோ கழிச்சேன். அந்த வரி வந்ததும் கை நின்னுடுச்சு. என்னைத்தானே கழிக்கறோம்னு தெரிஞ்சே கழிச்சேன். …ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்யேன்.

நர்ஸ்: நாலு இல்லைங்க. மூணுதான்.

ஸ்டோர்கீப்பர்: நான்தான் சொல்றேனே, கேக்காம விட்ட வீடு…

நர்ஸ்: விடல. அந்தக் கணக்கெடுக்கற பொண்ணு நம்ம வீட்டுக்கும் வந்தா. கழுத்துல அட்டை மாட்டிட்டு வாசல்ல நின்னா. நீங்க சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம்.

ஸ்டோர்கீப்பர்: நீ… உனக்கு அப்பவே…

நர்ஸ்: அதுக்கு முன்னாடியே தெரியும். ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டுப் போனீங்களே. கொண்டு போய்க் குடுக்கலாம்னு கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன்தான், ஸ்டோரையே பூட்டியாச்சேம்மான்னார். திரும்பி வந்து கண்ணாடியை இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்.

ஸ்டோர்கீப்பர்: ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா…

நர்ஸ்: கேட்டிருந்தா மறுநாள் காலையில நீங்க எழுந்து கிளம்பியிருக்க மாட்டீங்க. அதுக்குப் பயந்தேன். வயித்தெரிச்சலும் இருந்துச்சு, பொய் சொல்லல. தினமும் டப்பா கட்டும்போது, இன்னிக்காவது வாயைத் திறப்பார்னு பாப்பேன்.

ஸ்டோர்கீப்பர்: அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?

நர்ஸ்: வீட்டுக்காரர் வேலையில இருக்காரான்னு கேட்டா, இல்லைன்னேன். வேலை தேடறாரா, தேடாம சும்மா இருக்காரான்னு கேட்டா. தேடலைன்னா அந்தக் கணக்குலயே வர மாட்டாராம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! தினம் விடிஞ்சதும் ஷூவைத் துடைச்சு மாட்டிட்டு, சம்பளத்துக்குப் போற மாதிரியே கிளம்பற மனுஷனைச் சும்மா இருக்காருன்னு யார் சொல்லுவா… தேடறாருன்னு எழுதும்மா, என் முன்னாடியே எழுதுன்னு நின்னு பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?