மூடிய ஆய்வுகளுக்கும் வெள்ளிதோறும் அழைத்தவருக்கு

மருத்துவமனை நூலகத்தின் மருந்தாய்வுத் தகவல் மேசையைப் பல்லாண்டு காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மூத்தவரே!

தேடி வந்தோர்க்குத் தெளிவு தந்தவரே! திகைத்து நின்றோர்க்குத் திசை காட்டியவரே! ஆய்வுப் பதிவேட்டில் இருப்பதைப் படித்துக் காட்டியதும் பணி முடிந்ததென்று ஒருநாளும் எண்ணாதவரே! 'இன்னொரு தடவை சார்' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சூட்டிய பெயரை அறிந்தும், அறியாதவர்போல் முறுவலித்தவரே! வணக்கம்.

மிகைபடக் கூறல் குற்றம். ஆதலால் இம்மடலில் நாங்கள் கண்டதை மட்டுமே, கண்ட வரிசையிலேயே கூறுகிறோம்.

புதிய மருந்துகளை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வுகள் எங்கே நடக்கின்றன, யார் நடத்துகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது, எந்த நோயாளர் சங்கம் துணைக்கு வரும் என்பவற்றைத் தேடிச் சொல்வது உங்கள் வேலை. மருத்துவர்கள் கைவிரித்த பிறகே பலரும் உங்கள் மேசைக்கு வந்தார்கள். அவர்களிடம் நீங்கள் முதலில் கேட்டது நோயின் பெயரை அன்று. "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டீர்கள். ஆய்வு மையத்தோடு தொலைபேசியில் பேசி உறுதி செய்யாமல் ஒரு தாளையும் எவர் கையிலும் நீங்கள் கொடுத்ததில்லை. சேர்க்கை முடிந்த ஆய்வுகளைக்கூட நீங்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் தோறும் அவற்றை மீண்டும் அழைத்து, "ஏதாவது மாற்றம் உண்டா?" என்று விசாரித்தீர்கள். "சார் ரிட்டயர் ஆனா அந்த போனுக்கும் சேர்த்துத்தான் ரிட்டயர்மென்ட் குடுக்கணும்" என்று தரை துடைக்கும் அம்மா சொன்னபோது, எங்களோடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள்.

பாராட்டு மடலில் பாராட்டப்படுபவரின் பிழையைக் குறிப்பிடுவது மரபன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடுகிறோம். நீங்களே அதைச் சுவர்ப் பலகையில் எழுதி, அடியில் கையொப்பமும் இட்டிருக்கிறீர்கள். அதை மறைத்தால் இம்மடலைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

சென்ற கோடையின் தொடக்கத்தில், தையற்கடை நடத்தும் ஓர் அம்மையார் தம் தம்பியை அழைத்து வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிவந்த தம்பிக்குத் தசைகள் தளரும் நோய். தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. வழக்கமான மருந்துகள் பயனளிக்கவில்லை. நீங்கள் தேடினீர்கள்; நம் நகர மையத்தில் நடக்கும் ஓர் ஆய்வைக் கண்டீர்கள்; வழக்கப்படி அழைத்தும் கேட்டீர்கள். இடங்கள் நிறைந்துவிட்டன என்று விடை வந்தது. "இப்போதைக்கு இல்லைம்மா" என்று நீங்கள் சொன்னதும், தம்பி எழுந்து, "நான்தான் சொன்னேன்ல அக்கா, வா போலாம்" என்று வெளியேறினார்.

அந்த ஒரே ஆய்வு, நாட்டின் பதிவேட்டில் மருந்தின் பெயரோடும், பன்னாட்டுப் பதிவேட்டில் மருந்தின் குறியீட்டு எண்ணோடும், இரு வேறு பதிவெண்களில் இருந்தது. அவற்றை நீங்கள் இரு வேறு மருந்துகளின் ஆய்வுகள் என்று எண்ணிவிட்டீர்கள். உங்கள் கேள்வியில் பிழை இல்லை. ஆனால் கேட்க வேண்டிய இடங்களில் ஒன்று, இரண்டாம் பதிவில் மட்டும் குறித்திருந்த வெளியூர் மையம், விடுபட்டது. பதிவேடுகளோடு பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு நோயாளிக்காக அந்த இரண்டாம் எண்ணைப் பற்றி விசாரிக்கப் போய், தொலைவிலுள்ள மையத்தின் ஒருங்கிணைப்பாளரான செவிலியரை அழைத்தீர்கள். "அதுவும் இதுவும் ஒண்ணுதான் சார்! உங்க ஊர்லதான் நிறைஞ்சு போச்சு. எங்ககிட்ட இன்னும் ஒரு இடம் இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலத்தோட மூடிடுவோம்" என்றார் அவர்.

தொலைபேசியை வைத்தீர்கள். உங்கள் முகத்தில் அத்தகைய நிறத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. தம்பியின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அக்காள் கொடுத்த கடை எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரத்தில்தான் கடை இடம் மாறியிருந்தது என்பது பிறகே தெரிந்தது. பிறருக்காக ஆய்வுகளைத் தேடிய நீங்கள், கிடைத்த ஆய்வுக்காக ஆளைத் தேடும் நிலைக்கு வந்தீர்கள்.

உங்களுக்குக் கைகொடுத்தது தசைநோயாளர் சங்கம். அதன் செயலர், ஓய்வுபெற்ற ரயில் பயணச்சீட்டுப் பரிசோதகர். அவருடைய குரல் வாசிப்பறை முழுவதும் கேட்டது. "அந்த டெய்லர் அக்காவா? நல்லாத் தெரியுமே! தம்பிக்காரன்தான் போனை எடுக்க மாட்டான். 'இல்லைன்னு கேக்கறதுக்கு எதுக்கு போன்'ங்கறான். நீங்க வைங்க சார், நானே நேர்ல போறேன்."

அன்று மாலையே அக்காள் உங்களை அழைத்தார். "சார், நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க?" என்றார்.

"ஆமாம்மா. தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க, கிளம்புங்க" என்றீர்கள். காரணத்தை விளக்கவில்லை, பதிவேட்டின்மேல் பழி போடவும் இல்லை.

அந்த அவசரத்திலும் நீங்கள் ஒழுங்கை விடவில்லை. தம்பியையே தொலைபேசிக்கு அழைத்தீர்கள். அது சிகிச்சை அன்று, ஆய்வு என்றீர்கள். கிடைப்பது புதிய மருந்தாகவும் இருக்கலாம், மருந்தில்லா மாத்திரையாகவும் இருக்கலாம், எதுவென்று மருத்துவருக்கும் தெரியாது என்றீர்கள். பக்கவிளைவுகளைச் சொன்னீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை இருமுறை சொன்னீர்கள். தம்பி, "வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குல்ல சார்? அப்ப வேணும்னு சொல்றேன்" என்றார்.

திங்கட்கிழமையை நாங்கள் மறக்க மாட்டோம். அட்டவணை எழுதுபவர் ஒரே நூலுக்கு மீண்டும் மீண்டும் முத்திரை குத்தினார். வாசகர் கேட்ட இதழை எடுக்கப் போன உதவியாளர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். உங்கள் உணவுப் பெட்டி திறக்கப்படாமல் மேசையோரத்தில் இருந்தது. வெளியூர் மையத்துக்குப் போயிருந்த தம்பிக்கு இரத்தப் பரிசோதனையில் தகுதி கிடைக்குமா, அதற்குள் இடம் போய்விடுமா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்த பின் மணி அடித்தது. நீங்கள் எடுத்தீர்கள்; கேட்டீர்கள்; "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றீர்கள். செவிலியர் மறுமுறை சொன்னது எங்களுக்கும் கேட்டது: "சேர்த்தாச்சு சார். கையெழுத்துப் போட்டாச்சு."

நீங்கள் சொன்னது ஒரே சொல்: "அப்பாடா!" பிறகு பெட்டியைத் திறந்து, ஆறிப்போன உணவை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உண்டீர்கள். தரை துடைக்கும் அம்மா, "இன்னிக்காவது போனுக்கு லீவு குடுங்க சார்" என்றார். எங்கள் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கிய நாள் அது.

மறுநாள் காலையில் சுவர்ப் பலகையில் எழுதினீர்கள்: 'ஒவ்வோர் ஆய்வையும் இரு பதிவேடுகளிலும், பெயரிலும் குறியீட்டிலும் பார்க்கவும். நான் பார்க்கவில்லை.' அதன் இலக்கணத்தில் குறை இல்லை. நேர்மையில் நிகர் இல்லை.

அப்பழுக்கற்ற பணியாளரே! அயராத அழைப்பாளரே! உங்களுக்குப் பின் அந்த மேசையை மூடிவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தோம். மூடவில்லை. மேசை இருக்கும், தொலைபேசி இருக்கும், பலகையும் அழிக்கப்படாமல் இருக்கும். வெள்ளிக்கிழமை அழைப்புகளை எங்களுக்குள் பகிர்ந்துகொண்டுவிட்டோம். ஆகவே இன்று கவலை இல்லாமல் வீட்டுக்குச் செல்லுங்கள். அங்கே தொலைபேசி ஒலித்தால், அது பேரப்பிள்ளைகளின் அழைப்பாகவே இருக்கட்டும். நீங்கள் உடல் உரத்தோடும், உள்ளத்து உவகையோடும், தடையில்லா உறக்கத்தோடும் நெடிது வாழ வேண்டுமென்று உளமார விழைகிறோம்.

இறுதியாக ஒன்று. இந்த அரங்கின் கடைசி வரிசையில் அளவு நாடா இல்லாத கழுத்தோடு ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அருகில் அவர் தம்பி. அவருக்குக் கிடைத்துவருவது மருந்தா, வெறும் மாத்திரையா என்பது இன்றும் எவருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் எதையும் உரிமை கொண்டாடவில்லை. அவர் இன்று தலையைத் தாமே சீவிக்கொண்டு வந்தார் என்று அக்காள் வாசலில் சொன்னார். அதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

மடல் முடிந்ததும் அவை கைதட்டும். கடைசி வரிசையைச் செவிகொடுத்துக் கேளுங்கள், ஐயா. சரியாகக் கேட்கவில்லையென்றால் சொல்லுங்கள். இன்னொரு தடவை தட்டச் சொல்கிறோம்.

நன்றியும் நிம்மதியும் நிறைந்த நெஞ்சோடு,
நூலகத் தலைவியும், அட்டவணையாளரும், உதவியாளர்களும், தரை துடைக்கும் அம்மாவும்