ரிலீஸ் ஆனது

“ரிலீஸ் ஆயிடுச்சு” என்று மகள் தொலைபேசியில் சொன்னதும், கம்பெனி அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது என்றே அந்த நெசவாளர் குடும்பம் நம்பியதாம். அம்மனிடம் வேறு வேலைக்கு வேண்டிக்கொள்ள, ஆரணியிலிருந்து படவேட்டுக்குச் செல்லும் பேருந்தில் தந்தையும் மகளும் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார்கள்.

“வேலை அப்படியேதான் கீது நைனா. ரிலீஸ் ஆனது நான் எழுதின கம்ப்யூட்டர் மொழி. முதல் வெர்ஷன்.”

“மொழி தனியா ஓடுமா?”

“இல்ல. பல மொழிக்கும் பொதுவா ஒரு ரன்டைம் கீது. அதும்மேலதான் ஓடும்.”

“ஒரே தறியில வேற வேற டிசைன் ஓட்டுற மாதிரி. புதுசுன்னா மொதல்ல இழை அறுந்துகினே இருக்குமே?”

“அறுந்துகினுதான் கீது. சரிபண்ண மூணு பேர் இருந்தோம். ரெண்டு பேர் பேஜாராயி போயிட்டாங்க.”

தந்தை சற்று யோசித்தார். “அப்போ அம்மன்கிட்ட வேலை வேணாம், ஆள் கேக்கலாம்.”

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மொழியைக் கவனிக்க எஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.